குண்டுப்பள்ளத் தோட்டம்

ஆண்டிபட்டிக் கணவாயில் ஏறும்போதே பஸ் முக்கி முனகியது. பாதி ஏற்றத்தில் நின்றேவிட்டது. டிரைவர் இறங்கிப் போய் முன்பக்க மூடியைத் திறந்தார். வெள்ளையாக ஆவி கிளம்பியது. பினாங்கில் இப்படி நடந்தால் ஆளாளுக்குக் கைப்பேசியை எடுத்துப் புகார் எழுத ஆரம்பித்துவிடுவார்கள். இங்கே தண்ணீர் பாட்டில்கள்தான் வெளியே வந்தன. பின்சீட்டிலிருந்து கை மாறி கை மாறி முன்னால் போயின. நானும் என்னுடையதைக் கொடுத்தேன்.

என் பக்கத்தில் இருந்த அம்மாள் காத்திருக்கும் நேரத்தை வீணாக்க விரும்பவில்லை. புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்தார்.

"எங்கன போறீக?"

"கம்பத்துக்கு."

"பேச்சு ஒரு தினுசா இருக்கே. சிலோனா?"

"மலேசியா. பினாங்கு."

"சொந்தக்காரக வீட்டு விசேசமா?"

"இல்ல. ஒரு பள்ளத்தப் பாக்கணும்."

அவர் வாய்க்குக் கொண்டுபோன கையை நிறுத்தினார். "பள்ளத்தப் பாக்கவா பிளேன் ஏறி வந்தீக?" என்று சிரித்துவிட்டு, பொட்டலத்தில் பாதியை வாழையிலைக் கிழிசலோடு என் மடியில் வைத்தார். "சாப்புடுங்க. பசியோட போயி பள்ளத்துல விழுந்துறாதீக."

அவர் கேட்டது நியாயம்தான். நான் ஸ்டெல்லா, வயது ஐம்பத்தேழு. பினாங்கில் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் எனக்கு வேறு ஒரு பிழைப்பு உண்டு. யுத்தகாலத்தில் விமானக் குண்டுக்குப் பயந்து கட்டிய நிலவறைகள் எங்கள் தீவில் புதர் மூடிக் கிடக்கின்றன. நாங்கள் ஆறு பேர் அவற்றைத் தேடிப் போவோம், அளப்போம், படம் எடுப்போம். லாரி மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற லிம்தான் எங்கள் தலைவர். அவருக்கு இரண்டே விதிகள். தனியாக உள்ளே போகக் கூடாது. மூச்சு கனத்தால் ஒரு நிமிடம்கூட நிற்கக் கூடாது.

இந்தப் பித்து எனக்கு அப்பாவால் வந்தது. அவருடைய சிறுவயதிலேயே பெற்றோர் இறந்துவிட்டார்கள். பினாங்கு துறைமுகத்தில் வேலை பார்த்த அண்ணன்தான் அவரைக் கம்பத்திலிருந்து கூட்டிப் போய் வளர்த்தார். ஜப்பான்காரன் குண்டு போட்டபோது அண்ணி கடைத்தெருவில் இருந்தார். திரும்பி வரவில்லை. அண்ணனும் தம்பியும் எப்படியோ கப்பல் பிடித்து ஊர் வந்து சேர்ந்தார்கள். வந்த வாரமே அண்ணன், அதாவது என் பெரியப்பா, தோட்டத்துக் கிணற்றடியில் கடப்பாரையைப் போட்டார். இங்கேயும் விமானம் வரும் என்றார். ஊரே சிரித்தது.

தொண்ணூறு வயதைத் தாண்டி, சாவதற்குச் சில வாரங்கள் முன்னால்தான் அப்பா மீதியைச் சொன்னார். ஊர்ப் பையன்களோடு சேர்ந்து அவரும் சிரித்திருக்கிறார். ஒருநாள் கைகளை வாயில் குவித்து, பினாங்கில் கேட்ட அபாயச் சங்கு மாதிரியே ஊளையிட்டார். வரப்பில் இருந்த அண்ணன் அலறி அடித்துக்கொண்டு பள்ளத்துக்கு ஓடி, படியில் உருண்டு காலை முறித்துக்கொண்டார். அதன்பின் ஆயுசு முழுக்க நொண்டித்தான் நடந்தார். ஊளையிட்டது யார் என்று அப்பா சொல்லவே இல்லை. வாலிபம் வந்ததும் மறுபடி பினாங்குக்குக் கப்பலேறிவிட்டார். கடிதம் போடுவார், ஊருக்கு மட்டும் போகமாட்டார். அண்ணன் இறந்த செய்திக்கும் போகவில்லை.

"நீ போனா, நான்தான்னு சொல்லிரும்மா" என்றார். அவ்வளவுதான்.

தேனியில் முதல் மாலை. லாட்ஜுக்கு எதிரே பரோட்டாக் கடை. எங்கள் ஊர் ரொட்டி சானாய்க்கு இது மூத்த அண்ணன் என்று சொல்லலாம், ஆனால் முரட்டு அண்ணன். மாஸ்டர் அதை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து அடித்த அடியில் மேசைத் தண்ணீர் நடுங்கியது. எங்கள் ஊரில் பருப்புக் குழம்பைக் கிண்ணத்தில் அடக்கமாகக் கொடுப்பார்கள். இங்கே சால்னா இலை முழுக்க வெள்ளமாக ஓடியது. போதும் போதும் என்று நான் கையை நீட்ட, பரிமாறியவர் என் கைக்குக் கீழாகவே இன்னொரு கரண்டி விட்டுப் போனார்.

எனக்கு ஊர் பேர் தெரியாது; அப்பா எப்போதும் கம்பம் என்றுதான் சொல்வார். பெரியப்பாவின் கடிதங்கள் கம்பத்தில் ஒரு மளிகைக்கடை முகவரி வழியாகத்தான் வந்துபோயிருக்கின்றன. அந்தக் கடை இப்போது இல்லை. அதனால் மறுநாள் காலை, வாடகைக் கார் ஓட்டும் முருகனிடம் விவரமாகவே சொன்னேன்: பூமிக்கு அடியில், வெட்டிய இடம், பழசு.

"பூமிக்கு அடியிலயா? ஏறுங்கக்கா. இந்த ஜில்லாவுக்கே தெரியும்."

ஒன்றரை மணி நேரத்தில் ஒரு மொட்டைப் பாறை மலையடியில் கொண்டுபோய் நிறுத்தினார். பொட்டிப்புரம். மலையைக் குடைந்து விஞ்ஞான ஆராய்ச்சிக்கூடம் கட்டப் போவதாகச் சொல்லி, அது நின்று போய், ஊர் முழுக்க அதே பேச்சாக இருந்த இடம். நான் இறங்கியபோது என் தோள்பையிலிருந்து அளவு நாடா வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. தலையில் மாட்டும் டார்ச் வேறு. இரண்டு நிமிடத்தில் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள்.

"மறுபடியும் அளக்க வந்தாச்சா?" என்றார் மண்வெட்டியோடு வந்த ஒருவர். "எந்த ஆபீசு?"

"ஆபீஸ் இல்லங்க. பல் டாக்டர்கிட்ட வேலை பாக்கிறேன்."

"பல்லு டாக்டருக்கு மலையில என்னத்த சோலி?"

முருகன் காருக்குள்ளேயே பத்திரமாக உட்கார்ந்துவிட்டார். நான் கப்பலிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். பெரியம்மா கடைத்தெருவிலிருந்து திரும்பி வராததைச் சொன்னபோது அந்த மனிதர் மண்வெட்டியைக் கீழே வைத்தார். பெயர் வீரணன். வேப்பமரத்தடியில் கட்டிலை இழுத்துப் போட்டார். அவர் மனைவி சொம்பு நிறையக் கம்பங்கூழும் மோர்மிளகாயும் கொண்டுவந்தார். வெயிலில் அந்தக் கூழ் உள்ளே இறங்கிய சுகத்தை இப்போதும் தொண்டையில் உணர்கிறேன். சந்தேகப்பட்டு வந்த ஏழெட்டுப் பேரும் நான் குடித்து முடிக்கும்வரை சுற்றி நின்று பார்த்தார்கள்.

வீரணனின் மைத்துனர் ராசாங்கம் கம்பத்தில் திராட்சைத் தரகர். வீரணன் அவருக்குப் போனைப் போட்டு எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார்.

"ஏலே ராசாங்கம், சண்டைக்காலத்துல கிணத்தடியில குழி வெட்டுனவுக யாரும் உங்க பக்கத்துல உண்டுமா? பிளேனு குண்டு போட்டா ஒளியுறதுக்கு."

மறுமுனையில் ராசாங்கம் சொன்னார்: "குண்டுப்பள்ளத் தோட்டம்னு ஒண்ணு இருக்கு மச்சான். குண்டா பள்ளம் இருக்கதால அந்தப் பேருன்னு நெனச்சிருந்தேன். அந்தக் குண்டா இது?"

வேப்பமரத்தடியே ஓவென்று சிரித்தது. என்னால் சிரிக்க முடியவில்லை. தப்பான இடத்துக்குக் கூட்டிவந்த முருகனைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

மூன்றாம் நாள் கம்பம். ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகள் வரிசையாக நின்றன. ஒரு டிரைவர் மலையாளத்தில் கத்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற பெண் எனக்குத் தமிழில் சொன்னார்: "ஒரு ஆளுக்கு இடமிருக்காம். மடியில உக்காரச் சம்மதிச்சா ரெண்டாளு போகலாமாம்." பினாங்கில் பஸ்ஸில் இரண்டு பேர் தோள் இடித்தாலே மன்னிப்புக் கேட்டுக்கொள்வோம்.

ராசாங்கம் தன் மோட்டார் சைக்கிளில் என்னைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனார். "வியாபாரம் கெடக்கு" என்று இறக்கிவிட்டுப் போய்விட்டார்.

கல்தூண்களின் மேல் கம்பி இழுத்துத் திராட்சைப் பந்தல். உள்ளே குனிந்துதான் நடக்க வேண்டும். பச்சை நிழல். பன்னீர் திராட்சையின் மணம், கொஞ்சம் ரோஜா, கொஞ்சம் வெல்லம். தோட்டக்காரி பாண்டியம்மாள் கத்தரியால் கொத்துகளில் அழுகிய பழங்களை நீக்கிக்கொண்டிருந்தாள். நாற்பது வயது இருக்கும். நான் பள்ளத்தைப் பார்க்க வந்தேன் என்றதும் கத்தரியை இடுப்பில் செருகினாள்.

"செருப்பக் கழட்டிட்டு வாங்கக்கா."

அதற்கான காரணம் எனக்கு அப்போது புரியவில்லை.

தூர்ந்த பழைய கிணற்றுக்குப் பக்கத்தில் ஒரு மண்மேடு. அதன் ஓரத்தில் வாய். உள்ளே கல்படிகள். பெருக்கி, தண்ணீர் தெளித்திருந்தது. நிலவறை என்றால் வௌவால் நாற்றம், பாட்டில் ஓடு, சேறு என்று பழகிய எனக்கு ஆச்சரியம். லிம்மின் விதிப்படி வாயிலேயே நின்று மூச்சை இழுத்துப் பார்த்தேன். குளுமையான காற்று வந்தது. எங்கோ இன்னொரு துளை இருக்கிறது என்று அர்த்தம்.

பாண்டியம்மாள் முன்னால் இறங்க நான் பின்னால். படிகள் நேராகப் போகவில்லை. பாதியில் சட்டென்று இடது பக்கம் திரும்பின. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். வெளியே குண்டு வெடித்தால் அதிர்ச்சி நேராக உள்ளே பாயாமல் இருக்க இப்படித் திருப்பிக் கட்டுவார்கள். பினாங்கு துறைமுகத்துப் பக்கம் நான் அளந்த நிலவறைகளில் இதே திருப்பம் இருக்கிறது. பெரிய படிப்பில்லாத ஒரு கூலியாள் அதைக் கண்ணால் பார்த்து, மனதில் சுமந்து, கடல் தாண்டிக் கொண்டுவந்து இந்தச் செம்மண்ணில் வெட்டியிருக்கிறார்.

உள்ளே எட்டடி நீளம், ஐந்தடி அகலம். சுவர் கருங்கல். மேலே தடித்த கல்பலகைகள். கிணற்றுப் பக்கமாக, ஆள் தவழ்ந்து போகிற அளவுக்கு வெளிவழி. மாடத்தில் அகல் எரிந்துகொண்டிருந்தது. மேல் பலகை ஒன்றில் விரல் நுழையும் விரிசல், அதற்கு முட்டுக்கொடுத்து ஓர் இரும்புத் தூண்.

"இது எப்படி விரிஞ்சது?" என்று கேட்டேன்.

"ஆனை ஏறி நின்னுச்சுக்கா" என்றாள் பாண்டியம்மாள், மழை பெய்தது என்கிற மாதிரி.

பிறகு அங்கேயே உட்கார்ந்து சொன்னாள்.

"கேரளாப் பக்கமிருந்து எறங்குன ஆனை. டவுனுக்குள்ள வந்துருச்சு, வெளிய வராதீகன்னு மைக்குல சொல்லிக்கிட்டே போனாக. டவுனுக்குத்தானன்னு நானும் பேச்சியும் இங்கன அழுகுன பழத்த நறுக்கிக்கிட்டிருந்தோம். பேச்சி கூலிக்கு வர்றவ. அப்ப ஏழு மாசம் அவளுக்கு. திடீர்னு நாய் கொலைக்கிறத நிப்பாட்டிருச்சு. நிமிந்து பாத்தா, வாழைக்கு ஊடால நிக்குது. ரெண்டு கொம்பு. வாழை அசையல, அதுவும் அசையல.

"ஓட முடியுமா அவளால? பள்ளம்தான் ஞாபகம் வந்துச்சு. அப்ப இதுல மருந்தடிக்கிற டிரம்மும் பழைய டியூப்பும்தான் கெடந்துச்சு. அவளத் தள்ளிக்கிட்டு எறங்குனேன். மேல படபடன்னு பந்தல் கல்லு முறியுது. பெறகு இந்த மேட்டு மேலயே ஏறிருச்சுக்கா. பலகை டப்புன்னு விரிஞ்சு மண்ணு கொட்டுது. பேச்சி என் கையக் கடிச்சுக்கிட்டா, சத்தம் வந்துரக் கூடாதுன்னு. இந்தா பாருங்க."

மணிக்கட்டைக் காட்டினாள். பல் தடம் வெளிறிப்போய்த் தெரிந்தது.

"எம்புட்டு நேரம் நின்னுச்சோ. திராட்சையத் தின்னுபுட்டு, அது பாட்டுக்குப் போயிருச்சு. கல்லு தாங்கிருச்சு. பேச்சிக்குப் பொட்டப்பிள்ளை, இப்ப ரெண்டு வயசு முடிஞ்சிருச்சு. டிரம்மு, டியூப்பெல்லாம் அப்பவே வெளிய தூக்கிப் போட்டுட்டேன். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை வெளக்கு வைக்கிறேன். ஒங்களுக்காக இன்னைக்கும் வச்சேன், ராசாங்கம் அண்ணன் நேத்தே போன் பண்ணிட்டாக."

நான் டார்ச்சை எடுத்தேன். "பேச்சி எங்க உக்காந்திருந்தா?"

அவள் கைகாட்டிய பக்கம் டார்ச்சைத் திருப்பினேன். சுவரோரமாகக் கல்லில் மூன்று இருக்கைகள் வெட்டியிருந்தன. ஒன்று சாதாரணம். ஒன்று சின்னது, பிள்ளைகள் உட்காருகிற உயரம். மூன்றாவது மற்றவற்றைவிட அகலம், முதுகு சாயும் இடம் இழைத்து வழுவழுவென்றிருந்தது.

"அந்தப் பெருசுல. அவளுக்குன்னு செஞ்ச மாதிரி இருந்துச்சு."

பெரியப்பா இதைத் தோண்டியபோது வீட்டில் இரண்டே பேர்தான் இருந்தார்கள், அவரும் என் அப்பாவும். பெரியம்மா போய்ச் சேர்ந்திருந்தார், ஆனாலும் அவருக்கும் சேர்த்து மூன்று இருக்கை வெட்டியிருக்கிறார். அந்த இருக்கையை இழைக்க எத்தனை நாள் பிடித்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். நான் அதைச் சொல்ல ஆரம்பித்து, சொல்ல முடியாமல் அழுதுவிட்டேன். அவசரத்தில் அப்பா சொன்னதையும் சேர்த்துக் கொட்டினேன்: ஊளை, முறிந்த கால், எல்லாம்.

பாண்டியம்மாள் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "வெள்ளக்காரன் வெட்டுனதுன்னுதான்க்கா நாங்க நெனச்சோம். யாருன்னே தெரியாம கும்பிட்டுக்கிட்டிருந்தேன். அவுக பேரு என்ன?"

"ஞானப்பிரகாசம்."

"ஞானப்பிரகாசம்" என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள்.

மேலே வந்ததும் அவள் கணவர் செல்வத்தைக் கூப்பிட்டாள். தன் அப்பா இந்த நிலத்தைப் பக்கத்து ஊர்க் கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றிடம் வாங்கியதாகவும், கல்லறைத் தோட்டம் அங்கேதான் என்றும் அவர் சொன்னார். மாலை அறைக்குத் திரும்பி லிம்முக்குப் படங்களை அனுப்பி, பேச்சியின் கதையையும் சொன்னேன். எத்தனையோ நிலவறைகளைப் பார்த்த மனிதர்.  ஒலிச்செய்தியாக மலாய் மொழியில் ஒரே வாக்கியம் வந்தது: "நாம் இதுவரை பார்த்ததில் வேலை செய்தது இது ஒன்றுதான்."

நான்காம் நாள் மதியம் எனக்கு மதுரைக்குப் பஸ். காலையிலேயே செல்வத்தின் லோடு ஆட்டோவில், திராட்சைப் பெட்டிகளுக்கு நடுவே, அந்த ஊருக்குப் போனோம். நான், பாண்டியம்மாள், பேச்சி, பேச்சியின் மடியில் மகள். பேச்சி வழி முழுக்க என்னைப் பார்ப்பதும் குனிவதுமாக இருந்தாள். ஒரு மேட்டில் வண்டி தூக்கிப் போட்டபோது என் கையைப் பிடித்தவள், அப்புறம் விடவில்லை.

கோயில்பிள்ளை சவரிமுத்துக்கு எழுபது வயதுக்குக் கொஞ்சம் குறைவு. கோயில் மணி அடிப்பதும் கல்லறைகளைப் பார்த்துக்கொள்வதும் அவர் வேலை. பெயரைச் சொன்னதும், ஏட்டைப் பார்க்காமலே நடந்தார்.

"நொண்டி ஞானப்பிரகாசமா? எங்க தெருதான். நான் வாலிபப் பயலா இருக்கும்போது செத்தாக."

மூலையில், எருக்கஞ்செடிக்குப் பக்கத்தில், ஒரு சிமெண்டு மேடு. சிலுவையின் ஒரு கை உடைந்திருந்தது. பேச்சியும் பாண்டியம்மாளும் எதுவும் கேட்காமல் குனிந்து புல்லைப் பிடுங்கத் தொடங்கினார்கள். நான் மண்டியிட்டேன். ஜெபம் வரவில்லை. வந்த வேலையைச் செய்தேன்.

"பெரியப்பா, நான் உங்க தம்பி மக. அன்னைக்கு ஊளை விட்டது அப்பாதான். சாகுற வரைக்கும் அவரால அதை மறக்க முடியல. மன்னிச்சிருங்க."

பின்னாலிருந்து சவரிமுத்து, "அவருக்குத் தெரியுமே" என்றார்.

திரும்பிப் பார்த்தேன்.

"தெரியும்மா. கோயில் திருநாள்ல எங்களையெல்லாம் உக்கார வச்சு இந்தக் கதையச் சொல்லுவாக. 'எந்தம்பி கொரலு எனக்குத் தெரியாதா? அவன்தான் ஊளை விட்டான். தெரிஞ்சும் காலு நிக்கல, ஓடிட்டேன்'பாக. பெறகு என்ன சொல்லுவாகன்னா, நான் விழுந்ததக் கண்டதும் மத்த பயலுகள்லாம் ஓடிட்டானுக, எந்தம்பி மட்டும் அலறிக்கிட்டு என் மேலயே குதிச்சான், அந்த வயசுல என்னைய முதுகுல தூக்கப் பாத்தான்னு. சொல்லிச் சொல்லிச் சிரிப்பாக. கண்ணுல தண்ணி வந்துரும்."

அப்பா இதை என்னிடம் சொல்லவில்லை. பின்னாலேயே குதித்தது, அண்ணனைத் தூக்கப் பார்த்தது, எதையும். தன் தப்பை மட்டும் எண்பது வருஷம் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார்.

நான் எழுந்து சவரிமுத்துவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.  தலையை ஆட்டினேன். அவரும் ஆட்டினார்.

பேச்சி இரண்டு திராட்சைக் கொத்துகளைக் கல்லறையின் தலைமாட்டில் வைத்தாள். கைகூப்பினாள். அதுவரை ஒரு வார்த்தை பேசாதவள், மெதுவாக, எதிரே இருப்பவரிடம் பேசுகிற மாதிரியே பேசினாள்.

"அய்யா, நான் பேச்சி. ஒங்க வீட்டுல வந்து உக்காந்துட்டுப் போனவ. இது எம் மக."

மகள் அதற்குள் சிமெண்டு மேட்டின்மேல் ஏறி, சப்பணமிட்டு, படைத்த கொத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பறித்து வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். பேச்சி பதறிப்போய்த் தூக்க ஓடினாள்.

சவரிமுத்து தடுத்தார். "இருக்கட்டும் ஆத்தா. உக்காரட்டும்."

தெருமுனையில் செல்வம் ஹாரன் அடித்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அடுத்த பஸ் இல்லாமலா போகும் என்று பாண்டியம்மாள் சொன்னாள். பேச்சியின் மகள் ஈரக் கையை நீட்டி எனக்கு ஒரு பழம் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.